மச்சில் தண்ணீர் தேங்கினால் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது: என் அனுபவம்

2023 டிசம்பர் 17, 18 மழையைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஆற்றைப் பற்றித்தான் பேசுவார்கள். தாமிரபரணி எந்தத் தெரு வரைக்கும் ஏறியது, திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலுக்குள் எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள், இதெல்லாம் பேப்பரிலும் டிவியிலும் வந்தது. எங்கள் வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை. எங்களுக்கு ஆபத்து தலைக்கு மேலே நின்றது. பழைய மச்சில், அதாவது கட்டை வைத்துக் கட்டின மொட்டைமாடித் தளத்தில், தண்ணீர் வெளியேறும் தூம்பு அடைத்து, ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி, அதற்கு அடியில் நானும் படுத்த படுக்கையாக இருக்கும் என் அத்தையும் மட்டும் இருந்தோம். அந்த ராத்திரி யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை, போனும் வேலை செய்யவில்லை. அதற்கப்புறம் கொத்தனாரிடமும் இன்ஜினியரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் சேர்த்து எழுதுகிறேன். இந்த மாதிரி வீடுகள் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் என்று நம் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, பல வீடுகளில் வயசானவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம். வீடு என் வீட்டுக்காரரின் தாத்தா கட்டினது. முன்பக்கம் தார்சா (தாழ்வாரம்), பட்டாசல் (கூடம்), ஒரு அறை, இவ்வளவும் பழைய மச்சு. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதற்கு மேல் சின்னச் செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதித்திருப்பார்கள். பின்பக்கம் அடுக்களையும் இன்னொரு சின்ன அறையும் பிற்பாடு கட்டின காங்கிரீட். அந்தக் காங்கிரீட் தளம் முன்பக்க மச்சைவிட ஒன்றேகால் அடி உயரம். மாடிப்படியும் அந்தப் பக்கம்தான். முன்பக்க மச்சைச் சுற்றி மூன்று பக்கமும் இரண்டரை அடிக் கைப்பிடிச்சுவர். தண்ணீர் வெளியேற இரண்டு தூம்பு இருந்தது. கிழக்குப் பக்கத் தூம்பிலிருந்து தண்ணீர் அடுத்த வீட்டு மண்சுவரில் விழுகிறது என்று சண்டை வந்து, எப்போதோ அதைப் பூசி அடைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது தெருப்பக்கத் தூம்பு ஒன்றுதான். அதற்கு நேர் மேலே எதிர்வீட்டு வாதாம் மரம். வாதாம் இலை உள்ளங்கையைவிடப் பெரிசு, ஒரு இலை தட்டையாக ஒட்டிக்கொண்டால் போதும், நாலு இஞ்ச் குழாயின் வாயை மூடிவிடும்.

சனிக்கிழமை ராத்திரியே மழை பிடித்துவிட்டது. ஞாயிறு முழுக்க விடவே இல்லை. மதியத்துக்கு மேல் கரண்ட் போனது, சாயங்காலம் போன் சிக்னலும் போனது. இருட்டுகிற நேரத்தில் தெருவில் இருந்தவர்கள் பாதிப் பேர் ஆறு ஏறுது என்று பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். பக்கத்து வளவு அண்ணாச்சி வந்து கூப்பிட்டார். அத்தையைத் தூக்கிக்கொண்டு அந்த மழையில் போக வழி இல்லை, கட்டிலோடு தூக்க நாலு ஆள் வேண்டும். நீங்க பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி, நாங்க இருந்துக்கிடுதோம் என்று அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரர் துபாயில். அன்றைக்கு எனக்குப் பயம் எல்லாம் வாசலைப் பார்த்தே இருந்தது, ஆறு வருமோ என்று.

பட்டாசலில் முதலில் ஒரு இடத்தில் சொட்டியது. பழைய வீட்டில் சொட்டுவது புதுசு இல்லை, வாளியை வைத்தேன். அப்புறம் நாலைந்து இடத்தில் சொட்டியது. கட்டையும் சுவரும் சேருகிற இடத்தில் சுவர் கருத்து, நீர் கோடாக இறங்கியது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அத்தை சொன்னார்கள், "ஏ பிள்ள, மச்சு முனகுது, கேட்டியா?" மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. படுத்தே கிடப்பவர்களுக்குக் கூரைச் சத்தம் நமக்கு முன்னால் கேட்கும். நான் அறைக் கதவைச் சாத்தப் போனேன், கதவு நிலையில் இடித்துக்கொண்டு நின்றது. "கதவு அடைய மாட்டுக்கு அத்தை" என்றேன். அத்தை பதில் சொல்லவில்லை, என் முகத்தையே பார்த்தார்கள். மழையில் மரம் ஊறினாலும் கதவு இறுகும், அது வேறு. நன்றாகச் சாத்திக்கொண்டிருந்த கதவு, அதுவும் மேல்நிலையில் இடித்தால், மேலே பாரம் அழுத்துகிறது என்று அர்த்தம். கூரையில் முனகல் அல்லது டப்பென்று வெடிக்கிற சத்தம், கட்டை நடுவில் தொய்வது, சுவர் மூலையில் புதுசாக விரிசல், பூச்சு உதிர்வது, கதவு ஜன்னல் திடீரென்று இறுகுவது, இதில் எது வந்தாலும் அந்த அறையில் இருக்கக் கூடாது. வாளி வைத்துக்கொண்டு உட்காரவும் கூடாது. உடனே வெளியே போங்கள், வெளியே போக முடியாவிட்டால் வீட்டில் உறுதியான பகுதி எதுவோ அங்கே போங்கள்.

அத்தையைப் பாயோடு இழுத்து, பின்பக்கக் காங்கிரீட் அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எப்படி இழுத்தேன் என்று இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. அந்த வேலை முடிந்தபிறகுதான் மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனேன். மெயினை மதியமே இறக்கி வைத்திருந்தேன். மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டதும் விரல் நுனியில் சுருக்கென்று இழுத்தது. மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் வேலை செய்துகொண்டேதான் இருக்கும், அதிலிருந்து போகிற மாடி லைட்டு வயர் ஈரத்தில் கிடந்திருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பல வீடுகளில் மெயின் என்றால் எல்லாம் அணைந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மழையில் மாடி ஏறுவதற்கு முன்னால் மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் மாடியை ஒட்டிப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் நம் மெயினை அணைத்தாலும் கரண்ட் இருக்கும், ஊரில் கரண்ட் இல்லை என்று நம்பக் கூடாது, எந்த நிமிஷமும் விடுவார்கள். அலுமினியக் கம்பி, இரும்புத் தொரட்டி எதையும் அந்தப் பக்கம் நீட்டக் கூடாது. வயர் அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-க்குச் சொல்லிவிட்டு ஆள் வரும் வரை மாடிப் பக்கமே போக வேண்டாம். இடி மின்னல் இருக்கும்போதும் அப்படித்தான்.

இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தேன். மச்சு முழுக்கத் தண்ணீர். காங்கிரீட் தளத்தின் விளிம்புக்கு மூன்று நான்கு விரல்கடைதான் பாக்கி. அந்தத் தண்ணீரைப் பார்த்து எனக்கு முதலில் பயம் வரவில்லை, தண்ணீர்தானே என்று இருந்தது. எடைக் கணக்கு அன்றைக்குத் தெரியாது, அப்புறம் இன்ஜினியர் சொன்னது இது. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 10 கிலோ. எங்கள் முன்பக்க மச்சு 600 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு அடித் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட 17 டன். ஒரு லோடு மணல் லாரியைத் தூக்கி மச்சில் நிறுத்தின மாதிரி. இந்தக் காலத்தில் ஆள் புழங்குகிற மாடிக்கே சதுர மீட்டருக்கு 150 கிலோ கணக்கில்தான் மேல்பாரம் போட்டு வடிவமைக்கிறார்கள், அரை அடித் தண்ணீர் அந்தக் கணக்கைத் தொட்டுவிடும். எங்களுடையது அந்தக் கணக்கெல்லாம் வருவதற்கு முன்னால் கட்டின மச்சு, கட்டைக்கு வேறு வயசாகிவிட்டது. அந்த நாளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூம்பு அடைத்த மாடியில் அவ்வளவு மழை பெய்தால், கைப்பிடிச்சுவர் உயரம் வரைக்கும் தண்ணீர் நிற்கும், யாரும் எதுவும் செய்யாமலே.

இதை இங்கே சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, கனடாவில் ஒட்டாவாவில் இருக்கிறார்கள். சிக்னல் வந்தபிறகு அவர்களிடம் அழுதுகொண்டே சொன்னேன். அங்கே குளிர்காலத்தில் கூரையில் பனி சேர்ந்து இதே ஆபத்து வருமாம், அதற்கு என்ன செய்வது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கூரை மேல் ஏறவே மாட்டார்களாம். தரையில் நின்றுகொண்டு, நீளக் கழி மாட்டின பலகையால் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுப்பார்கள், இழுக்கிற பனி தலையில் விழாதபடி தள்ளி நிற்பார்கள். ஒரு பக்கத்தை முழுக்கக் காலி செய்துவிட்டு மறுபக்கம் பாரத்தை அப்படியே விட மாட்டார்கள். இரண்டு மூன்று அங்குலப் பனியை விட்டும் வைப்பார்கள், கடைசி வரை சுரண்டினால் கூரை ஓடு பெயர்ந்துவிடும். தனியாக ஒருத்தரும் செய்ய மாட்டார்கள். கதவு இறுகினால் வெளியேறு என்பது அங்கேயும் உண்டாம். இன்னொன்றும் மதினி சொன்னார்கள். புதுசாக விழுந்த பனி பத்து அங்குலம் உருகினால் ஏறக்குறைய ஒரு அங்குலத் தண்ணீர்தான் வருமாம். அப்படிப் பார்த்தால் எங்கள் மச்சில் நின்ற ஒரு அடித் தண்ணீர் அவர்கள் ஊரில் பத்தடிப் புதுப்பனி. அத்தனை பனி சேர்ந்த கூரைக்கு அடியில் அங்கே யாரும் படுத்துத் தூங்க மாட்டார்கள். நாம் தூங்குகிறோம், ஏனென்றால் கீழே இருந்து பார்த்தால் நம் மாடித் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது.

அந்த ராத்திரி நான் முன்பக்க மச்சில் கால் வைக்கவில்லை. இறங்கித் தூம்பைக் குத்திவிடலாம் என்று தோன்றத்தான் செய்தது, ஆனால் இருட்டில் தரை தெரியவில்லை, எங்கே தொய்ந்திருக்கிறது என்றும் தெரியவில்லை. பின்பக்கத்தில் செடிக்குத் தண்ணீர் விடுகிற முக்கால் இஞ்ச் ஹோஸ் இரண்டு கிடந்தது. பெட்ரோல் டேங்கிலிருந்து டியூப் வைத்து எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அதேதான். ஹோஸ் முழுவதையும் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றெல்லாம் குமிழியாக வெளியேறும்வரை வைத்திருந்து, ஒரு நுனியை உள்ளங்கையால் இறுக்கி மூடி, மறு நுனியில் கல்லைக் கட்டித் தண்ணீரின் அடியிலேயே விட்டு, மூடின நுனியைப் புறவாசல் பக்கம் கீழே இறக்கிக் கையை எடுத்தேன். கொட்ட ஆரம்பித்துவிட்டது. கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம், மச்சில் இறங்கவும் வேண்டாம். கீழ் நுனி எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வேகமாக இழுக்கும். பத்துப் பன்னிரண்டு அடி இறக்கம் இருந்தால் முக்கால் இஞ்ச் ஹோஸ் மணிக்கு 2,000 லிட்டர் அளவுக்கு இழுக்கும் என்று இன்ஜினியர் கணக்குப் போட்டுச் சொன்னார். எங்கள் மச்சில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்பது 560 லிட்டர். ஆக, மணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மழை பெய்தால்கூட இரண்டு ஹோஸ் அதைச் சமாளித்து, தேங்கினதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். தண்ணீர் எங்கே விழுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். அஸ்திவாரத்தை ஒட்டியோ மண்சுவர் மேலோ விழக் கூடாது. மழையில் ஊறின மண்சுவர் விழுந்து ஆள் செத்த செய்தியை வருஷா வருஷம் படிக்கிறோம்.

சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வைத்தேன். இதை யாரும் சொல்லித்தரவில்லை, பயத்தில் போட்டதுதான், ஆனால் பிரயோஜனமாக இருந்தது. போய்ப் போய்ப் பார்த்து, கோட்டைவிட ஒரு விரல் இறங்கியிருக்கிறது என்று தெரிந்தபோது படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பட்டாசலில் படாரென்று ஒரு சத்தம். ஒரு பாய் அகலத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சும் நாலைந்து செங்கலும் விழுந்திருந்தது. அத்தையின் கட்டில் கிடந்த இடம். அத்தையிடம் சொல்லவில்லை, டம்ளர் விழுந்துட்டு என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

விடிந்து மழை கொஞ்சம் விட்டதும் அண்ணாச்சியின் மகன் எங்களைப் பார்க்க வந்தான். அவனைப் படிக்கட்டு அறைத் தூண் பக்கம் நிறுத்தி, தூணில் கயிறு கட்டி மறு நுனியை என் இடுப்பில் கட்டிக்கொண்டு, மேற்குச் சுவரின் மேலேயே அடி வைத்துத் தூம்பு வரைக்கும் போனேன். கைப்பிடிச்சுவரில் கயிறு கட்டக் கூடாது, அதில் சாயவும் கூடாது, ஊறின செங்கல் பொலபொலவென்று வந்துவிடும். கட்டைகள் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும், அதனால் சுவருக்கு நேர் மேலே நடப்பது ஓரளவு தாங்கும், நடுமச்சு தாங்காது. நான் போனேன், ஆனால் இதைப் படிக்கிறவர்களிடம் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஹோஸ் வேலை செய்யும்போது இன்னும் அரை நாள் பொறுத்திருந்தால் தண்ணீர் தானே இறங்கியிருக்கும் என்று இன்ஜினியர் சொன்னார். கட்டாயம் போக வேண்டியிருந்தால் பகலில், மழை விட்ட நேரத்தில், கீழே ஒரு ஆளும் மேலே ஒரு ஆளும் இருக்கும்போது மட்டும். பாசி பிடித்த தட்டோடு பயங்கரமாக வழுக்கும். தண்ணீரில் பூரான், தேள் மிதக்கும், பாம்பும் வரும்.

தூம்பைக் கையால் நோண்டவே நோண்டாதீர்கள். நீளக் கம்புதான். குழாய் பத்தடிக்கு மேல் கீழே இறங்குகிறது, அடைப்பு விலகி அது நிரம்பி ஓட ஆரம்பித்தால் மேல்வாயில் இழுவை பலமாக இருக்கும், கையோ காலோ வாயை அடைத்தால் உருவ முடியாது. நான் சேலைத் தலைப்பை இடுப்பில் சுருட்டிச் செருகியிருந்தேன், அப்படியும் கம்பு நுனியில் சுற்றின பிளாஸ்டிக் பை ஒரு நொடியில் உள்ளே போனதைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினேன். இலையை உள்ளே தள்ளவும் கூடாது, கீழே வளைவில் போய் இறுகிவிடும். மேலே இழுத்து அள்ளி வாளியில் போட வேண்டும். தூம்பு திறக்கவே மறுத்தால் சிலர் தளத்தில் கடப்பாரையால் ஓட்டை போடுவார்கள். பாரம் ஏறிய மச்சில் ஒரு அடி அடித்தாலும் மொத்தமும் இறங்கிவிடலாம். அந்த நிலைமையில் ஆளைக் கூப்பிடுங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அல்லது 112.

ஓட்டுச் சாய்ப்பு, ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மழை நின்ற கையோடு தென்னமட்டை விழுந்த ஷீட்டைச் சுத்தம் செய்ய ஏறுவார்கள். ஷீட் பார்க்கத் திடமாக இருக்கும், கால் வைத்தால் உடைந்து ஆள் அப்படியே தரைக்கு வருவான். ஏணியில் நின்று கழியால் இழுங்கள். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் போல்ட்டு வரிசை போகிற இடத்தில், அடியில் சட்டம் இருக்கிறது, அதற்குக் குறுக்கே அகலப் பலகை போட்டு அதன் மேல். வெறும் ஷீட்டில் ஒரு கால்கூட வைக்கக் கூடாது.

தண்ணீர் இறங்கினபிறகுதான் பணம் இறங்க ஆரம்பித்தது. நான் வீட்டில் தையல் தைக்கிறேன், பொங்கலுக்கு வந்த பட்டு ஜாக்கெட் துணிகள் பட்டாசல் அலமாரியில் இருந்தன. சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் பட்டு அவ்வளவுதான். துணி கொடுத்தவர்களுக்கு நஷ்டஈடாகக் கொடுத்தது மொத்தம் 14,000 ரூபாய். சவுக்குக் கம்பும் பலகையும் வைத்துக் கட்டைகளுக்கு முட்டுக் கொடுத்த வகையில் 7,000. இது அவசியச் செலவு, தண்ணீர் வடிந்துவிட்டது என்று அடுத்த நாளே அந்த அறையில் போய்ப் படுக்கக் கூடாது. ஊறின சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அந்தப் பாரம் மேலேயேதான் இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மழை நின்று நாலு நாள் கழித்துத்தான் கூரை இறங்கியது.

எனக்கு மனசு ஆறாத செலவு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்த 38,000. ஜனவரியில் ஒரு ஆள் வந்து, ரெண்டு கோட்டு அடிச்சா பத்து வருஷம் பார்க்க வேண்டாம் என்றார். மச்சு அப்போது உள்ளே இன்னும் ஈரம். சித்திரை வெயிலில் உள்ளே இருந்த ஈரம் ஆவியாகிக் கோட்டிங் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. போன் போட்டால் அந்த ஆள் எடுக்கவில்லை. பெரிய கொத்தனார் பிற்பாடு சொன்ன சோதனை ரொம்பச் சுலபம். ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தளம் காயவில்லை. இதற்குச் செலவு பத்து ரூபாய். இன்னொருத்தர் மேலே மூன்று இஞ்ச் சிமெண்ட் காங்கிரீட் போட்டுவிடலாம் என்றார், நல்லவேளையாகக் கொத்தனார் தடுத்துவிட்டார். ஏற்கெனவே தாங்க முடியாத கட்டைக்கு மேல் இன்னும் பாரம், அதோடு சிமெண்ட் மூடிவிட்டால் சுண்ணாம்பு மச்சுக்குள் இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் கட்டை உளுத்துப்போகும்.

அந்தக் கொத்தனாருக்கு எழுபது வயசு இருக்கும், களக்காட்டுப் பக்கம். அவர் முதலில் பார்த்தது மச்சை இல்லை, கட்டைகளின் நுனியை. சுவருக்குள் போகிற இடத்தில்தான் கட்டை முதலில் கெடும் என்று சொல்லி, ஒவ்வொரு நுனியிலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திக்கொண்டே வந்தார். நல்ல தேக்கில் முனை இறங்காது. மூன்று கட்டையில் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது, மூன்றும் கிழக்குப் பக்கம், தூம்பை அடைத்த பக்கம். பல வருஷமாக அந்த மூலையில் தண்ணீர் தேங்கித் தேங்கி இறங்கியிருக்கிறது. மழை ஒரு நாளில் செய்த காரியம் இல்லை இது. உங்கள் வீட்டிலும் பூச்சில் கறை தெரிகிற இடத்தில் கட்டை நுனியைக் குத்திப் பாருங்கள், இதற்கு இன்ஜினியர் வேண்டாம். கட்டை மாற்றி, கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் விட்டுச் சுண்ணாம்பு அரைத்து, தூம்பைப் பார்த்துச் சரிவு கொடுத்து, தட்டோடு பதித்து முடிக்க 1,64,000 ஆனது. எல்லாம் சேர்த்தால் இரண்டேகால் லட்சத்தை ஒட்டி. என் வளையலும் இவர் செயினும் அடகில் போனது, இன்னும் ஒன்று திருப்பவில்லை.

இப்போது எங்கள் மச்சில் தூம்பு மூன்று. கிழக்குப் பக்கமும் திறந்தாயிற்று, அடுத்த வீட்டு மண்சுவரில் விழாமல் குழாய் வைத்துத் தரை வரைக்கும் இறக்கி வாய்க்காலில் விட்டிருக்கிறோம், அதற்கு அவர்களிடம் உட்கார்ந்து பேசினோம், ஒரு பேச்சில் முடிந்தது. தூம்பு வாயில் தட்டையான ஜாலி வைக்காதீர்கள், ஒரு வாதாம் இலை போதும். குடை மாதிரி மேலே எழும்பின கூண்டு ஜாலி கடையில் கிடைக்கிறது, இலை சுற்றிச் சேர்ந்தாலும் மேல்பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், கைப்பிடிச்சுவரில் தளத்திலிருந்து மூன்று இஞ்ச் உயரத்தில் வழிவாய் விடுவது. ஒரு செங்கல் அகலத்தில் துளை, தெருப்பக்கம் இரண்டு. தூம்பு எல்லாமே அடைத்தாலும் மூன்று இஞ்சுக்கு மேல் தண்ணீர் நிற்காது. அதிலிருந்து தண்ணீர் கொட்டினால் தெருவில் போகிறவர்களே கதவைத் தட்டிச் சொல்லுவார்கள், தூம்பு அடைத்திருக்கிறது என்று நமக்கும் தெரிந்துவிடும். இதற்கு ஆன செலவு ஒரு நாள் கொத்தனார் கூலி. இது முன்னாலேயே இருந்திருந்தால் மேலே எழுதினது எதுவும் நடந்திருக்காது.

சுத்தம் செய்கிற வேலையைப் புரட்டாசியிலேயே முடித்துவிட வேண்டும், ஐப்பசி பிறந்தால் மழை நமக்காகக் காத்திருக்காது. ஆடிக் காற்றில் விழுந்த இலை, பட்டம், பை எல்லாம் அதற்குள் மூலையில் சேர்ந்திருக்கும். மாடியில் பழைய தொட்டி, உடைந்த ஓடு, செடிச் சட்டிகளை அடுக்கி வைக்காதீர்கள். ஆயிரம் லிட்டர் டேங்க் தண்ணீரோடு ஒரு டன்னுக்கு மேல், அதைப் பழைய மச்சின் நடுவில் வைத்திருந்தால் இப்போதே இறக்கிச் சுவருக்கு மேல் மாற்றுங்கள். ஹோஸ் இரண்டை மாடிப்படி அறையிலேயே மாட்டி வையுங்கள், மழையில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வெளியூரில், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் அப்பா அம்மாவை இந்த மாதிரி வீட்டில் விட்டிருப்பவர்கள், அவர்களை மாடி ஏறச் சொல்லாதீர்கள். பக்கத்தில் ஒரு ஆளைப் பிடித்து, கூலியை முன்கூட்டியே கொடுத்து, மழைக்கு முன்னால் ஒரு தடவையும் கார்த்திகையில் ஒரு தடவையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கூட்டிப் பெருக்கின மாடியைப் படம் எடுத்து அனுப்புவார்கள், அது போதாது. ஒவ்வொரு தூம்பிலும் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றச் சொல்லி, குழாயின் கீழ்வாயில் அந்தத் தண்ணீர் வந்து விழுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.